மதுரைக் காற்றில் மிதப்பவை: புகை, புழுதி, வெயில், மழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரோசால் என்கிறார்களே, அது புழுதியா, புகையா?

இரண்டும்தான். கீழே விழாமல் காற்றில் மிதப்பது மண்ணோ கரியோ நீர்த்துளியோ, எதுவானாலும் ஏரோசால். தமிழில் காற்றுத்துகள் என்று சொல்லலாம். புழுதி உழவில் கிளம்பும் மண், விறகடுப்புக் கரி, கடலுப்பு, மகரந்தம், நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே மாறி உண்டாகும் சல்பேட், வண்டிப் புகை தரும் நைட்ரேட் எல்லாம் இதில் சேரும்.

ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயிலில் பொடிப்பொடியாக ஆடுகின்றனவே, அவை பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான். வெயிலையும் மழையையும் மாற்றுகிற துகள்கள் அரை மைக்ரான், கால் மைக்ரான் அளவில் இருக்கும். அவற்றைத் தனித்தனியே கண்ணால் பார்க்க முடியாது. கோடிக்கணக்கில் சேர்ந்து யானைமலையை மங்கலாக்கும்போதுதான் அவை இருப்பது நமக்குத் தெரிகிறது.

அளவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 10 மைக்ரான் மண்துகள் அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் இறங்கும். 10 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 20 நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் இறங்க 30 மணி நேரம் ஆகும். அதற்குள் காற்று அதை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோய்விடும். கரித்துகள் இன்னும் சிறியது. தானாக இறங்காது, மழை கழுவினால்தான் உண்டு. சராசரியாக ஒரு வாரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

மதுரையைச் சுற்றி இவை எங்கிருந்து வருகின்றன?

மாதத்தைச் சொன்னால் பதில் சொல்லலாம். ஆண்டு முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது.

மார்கழி முதல் மாசி வரை வடகிழக்கிலிருந்து காற்று. வட இந்தியச் சமவெளியின் புகைமூட்டம் வங்கக்கடல் மேலாகக் கரைந்து, நீர்த்து, இங்கு வரை வந்து சேர்கிறது. அதன்மேல் நம்முடைய விறகடுப்பு, குப்பை எரிப்பு, டீசல் புகை எல்லாம் சேரும். இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று சூடாக இருப்பதால், புகை மூடி போட்ட பானைக்குள் இருப்பதுபோல் தரையோடு கிடக்கும். பகலில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலக்க இடம் கிடைக்கும் புகைக்கு, பின்னிரவில் இருநூறு முந்நூறு மீட்டர்தான் கிடைக்கும். அடுப்பு அதே அடுப்பாக இருந்தாலும் விடியற்காலை அளவு ஏறுவது இதனால்தான்.

பங்குனி, சித்திரையில் காய்ந்த மலைப்புல் தீப்பிடிக்கும்; இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் விறகைப் புகையவிட்டு அடுப்புக்கரி எடுக்கும் கரிமூட்டம் நடக்கும்; பிற்பகலில் தென்கிழக்குக் கடற்காற்று உப்பையும் கொண்டு வரும்.

ஆனி, ஆடியில் நிலைமை முற்றிலும் வேறு. மேற்குக் காற்று பாலக்காட்டு இடைவெளியிலும் செங்கோட்டைக் கணவாயிலும் நெருக்கிப் புகுந்து வருகிறது. மழையையும் கடலுப்பில் பெரும்பகுதியையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவிலேயே இறக்கிவிட்டு, நம் பக்கம் வறண்ட காற்றாக வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் புழுதி எம்மாத்திரம்? மேலூர்ப் பக்கம் செம்மண், திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். இந்தப் பருவத்து அளவில் எடை மிகுதி, ஆனால் பெருந்துகள். தை மாதத்தில் எடை குறைவு, ஆனால் நுண்துகள். 10 மைக்ரானுக்கு உட்பட்ட எல்லாத் துகள்களின் எடையைச் சொல்லும் 'பி.எம். 10' மட்டும் பார்த்தால் ஆடிதான் கெட்ட மாதம் என்று தோன்றும். நுரையீரலுக்கும் தட்பவெப்பத்துக்கும் மார்கழி, தையே மோசம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கழுவிவிடும். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் அழகர்மலையின் மடிப்புகூட எண்ணலாம்போல் தெரிகிறதல்லவா, நம் காற்று இயல்பாக எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

தை, மாசிக் காலையில் மலை மறைவது வெறும் பனிதானே?

கொஞ்சம் பனி, மீதி புகை. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வெளியே நிறுத்திய பைக் சீட் நனைந்திருந்து, வெண்மூட்டம் எட்டரை மணிக்குள் கலைந்தால் அது பனி. பதினொரு மணிக்கும் அடிவானத்தில் பழுப்பாகவோ சாம்பலாகவோ ஒரு பட்டை நின்றால் அது துகள்மூட்டம்.

இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. அம்மோனியம் சல்பேட் துகள் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டியதும் நீரை உறிஞ்சிக் கரைந்து துளியாகிவிடும். 90 விழுக்காட்டில் அதன் விட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காகும், வெயிலை மறிக்கும் பரப்பு மூன்று மடங்குக்கு அருகில் போகும். பகலில் கண்ணில் படாத அதே அளவுத் துகள், ஈரமான விடியலில் மலையை மறைக்க இது போதும்.

கரிமூட்டம், காளவாசல், கிரஷர்: இவற்றில் எது அதிகம் கெடுக்கிறது?

யாருக்கு என்று கேட்க வேண்டும்.

கிரஷர் என்ற கல்லுடைக்கும் ஆலையின் புழுதியில் பெரும்பகுதி பெருந்துகள். 50 மைக்ரான் துகள் சில நூறு மீட்டரிலும், 10 மைக்ரான் துகள் ஆடிக்காற்றில் ஐந்தாறு கிலோமீட்டரிலும் இறங்கிவிடும். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கும், அங்கே வேலை செய்பவர்களுக்கும், மல்லிகைத் தோட்டத்துக்கும் பெரிய கேடு. கருங்கல்லில் படிகக்கல் கலந்திருப்பதால் அந்த நுண்தூசி நுரையீரலில் தழும்பு உண்டாக்கும். ஆனால் மாவட்டத்தின் வெப்பநிலையையோ மழையையோ அது பெரிதாக அசைக்காது.

காளவாசல் வேறு கதை. மதுரைக்குள் காளவாசல் என்றே ஒரு நாற்சந்தி இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குத்தான் அந்தப் பெயர். அடுக்குச் சூளையில் வாய்க்குள் விறகை ஒரேயடியாகத் திணித்தால் காற்றுப் போதாமல் கரும்புகை வரும். அந்தக் கருமை 20 முதல் 50 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்) கரிமணிகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட தூள். வெயிலை விழுங்குவதில் இதற்கு இணையான துகள் இல்லை.

கரிமூட்டத்தில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழையும் ஈரமண்ணும் போட்டு மூடி, காற்றை அடக்கி நாள்கணக்கில் புகைய விடுகிறார்கள். விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கரியாகக் கைக்கு வரும். மீதி நீராவி, தார், வாயுக்களாக மேலே போகிறது. முதலில் வரும் அடர்ந்த வெண்மஞ்சள் புகையில் நீரும் தார்த்துளியும்தான் மிகுதி. வேலை முடியும் தறுவாயில் அது மெல்லிய நீலமாகும். தழல் இல்லாமல் புகைவதால் கருங்கரி குறைவு, பழுப்புக் கரிமம் அதிகம். பழுப்புக் கரிமம் ஒளியின் நீல, புறஊதாப் பகுதியை மட்டும் உறிஞ்சும்.

வட்டாரத் தட்பவெப்பம் என்று பார்த்தால் எங்கள் வரிசை இது: முதலில் கரும்புகை விடும் எல்லாம் (சூளை, பழைய டீசல் எஞ்சின், விறகடுப்பு), பிறகு கரிமூட்டமும் குப்பை எரிப்பும், கடைசியில் கிரஷர். பக்கத்து ஊராரின் உடல்நலம் என்று பார்த்தால் கிரஷர் முதலிடத்துக்கு வந்துவிடும்.

கரும்புச் சோகையைக் கொளுத்துவது அவ்வளவு பெரிய விஷயமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெட்டு முடிந்த ஏக்கரில் சுமார் 4 டன் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, கிடக்கும். பயிர்க்கழிவு எரியும்போது ஒரு கிலோவுக்குச் சுமார் 6 கிராம் நுண்துகள் வரும். ஏக்கருக்கு 24 கிலோ. அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். சாயங்காலம் காற்று அடங்கிய பிறகு கொளுத்தினால் அது அப்படியே ஊர்மேல் கவிந்து கிடக்கும்.

நெல் வைக்கோலுக்கு இங்கே இந்தச் சிக்கல் அதிகம் இல்லை. மாட்டுக்கு வேண்டும் என்று படப்புப் போட்டு வைக்கிறோம். சோகைக்கும் எரிக்காத வழி உண்டு. மறுதாம்புப் பயிரில் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) ஒரு பார்க்கால் (வரிசைகளுக்கு இடையிலுள்ள கால்) விட்டு ஒரு பார்க்காலில் சோகையைப் பரப்பி, மட்கவைக்கும் நுண்ணுயிர்க் கரைசலைச் சாணிப்பாலோடு கலந்து தெளித்து, கொஞ்சம் யூரியாவும் தூவி நீர் பாய்ச்ச வேண்டும். யூரியாவை விட்டுவிட்டால், சோகையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். "சோகை போட்டேன், கரும்பு வெளுத்துப்போச்சு" என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியை விட்டவர்கள். எலி, கரையான் தொல்லை பற்றிய பயம் நியாயமானதுதான். பார்க்கால் முழுவதும் மூடாமல் ஒன்று விட்டு ஒன்று போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்றுத்துகள் ஊரைக் குளிர்விக்குமா, சூடாக்குமா?

வெள்ளைத் துகள் வெயிலைச் சிதறடித்து ஒரு பகுதியை வானுக்கே திருப்பி அனுப்பும்: சல்பேட், நைட்ரேட், கடலுப்பு. கருந்துகள் வெயிலை விழுங்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். செம்மண் இடைப்பட்டது, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு நீல ஒளியை உறிஞ்சும்.

இரண்டுக்கும் பொதுவான விளைவு, தரைக்கு வரும் நேர்வெயில் குறைவது. வானத்தில் எவ்வளவு துகள் என்பதை ஏ.ஓ.டி. என்ற எண்ணால் சொல்வார்கள். 0.1 என்றால் தெளிந்த வானம். 0.4 என்றால் நீலம் வெளுத்திருக்கும். 0.4 இருக்கும்போது உச்சி வெயிலில் நேர்க்கதிர் 67 விழுக்காடாகக் குறையும். சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருந்தால் கதிர் இரட்டிப்புத் தூரம் கடப்பதால் 45 விழுக்காடுதான் மிஞ்சும். போனதில் பெரும்பங்கு சிதறிய ஒளியாக வேறு திசையிலிருந்து வந்து சேர்ந்துவிடும், அதனால் இருட்டிவிடாது. ஆனால் கரி கலந்திருந்தால் அந்தப் பங்கும் குறையும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கரி கலந்த மூட்டம் தரையைச் சற்றுக் குளிர்விக்கிறது, மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டரில் காற்றைச் சூடாக்குகிறது. கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்றால் காற்று மேலெழாது. மேலெழாவிட்டால் புகை கலையாது, பிற்பகல் மேகமும் எளிதில் கட்டாது. புகை தன் மூடியைத் தானே இறுக்கிக்கொள்கிறது.

கொடைக்கானலிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் பழுப்புக் கோடு இதுதானா?

ஆம். மாசி மாதப் பிற்பகலில் கோக்கர்ஸ் வாக்கில் நின்று தெற்கே பாருங்கள். மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு கோடு. அந்தக் கோடுதான் அன்றைய காற்றுக் கலப்பின் கூரை. மழைக்காலத்தில் அங்கே அது இருக்காது.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோயெக்ஸ் என்ற இந்துமாக்கடல் காற்றுத்துகள் ஆய்வு, இதே போன்ற படலம் இந்தியாவிலிருந்து இந்துமாக்கடலின் மேல் சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருப்பதைக் காட்டியது. அதை நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குருட்சனோடு சேர்ந்து வழிநடத்தியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் இராமநாதன். மாலத்தீவில் காஷிதூ தீவில் நிலையம் அமைத்து அளந்தார்கள். மேற்பரப்பு இழந்த வெயில், வளிமண்டல உச்சியில் கணக்கான இழப்பைப்போல் சுமார் மூன்று மடங்கு. இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் காற்றுக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிட்டது. நுண்துகளின் எடையில் ஏழில் ஒரு பங்கு அளவிலேயே இருந்த கரிதான் அதற்கு முதற்காரணம்.

குளிர்விக்கிறது என்றால் விட்டுவிடலாமே?

கூடாது. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். துகள் ஒரு வாரம். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை சுமார் 150 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடை அடுக்குமண்டலத்தில் ஏற்றியது. மறு ஆண்டு உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டில் பழைய நிலைக்கு ஏறிவிட்டது. அதுவும் மழை எட்டாத உயரத்தில் இருந்ததால்தான் அவ்வளவு காலம் நின்றது.

ஐ.நா.வின் தட்பவெப்ப அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.-யின் 2021 அறிக்கைப்படி, துகள்களை முதன்மையாகக் கொண்ட மனிதக் காரணங்கள் பூமியை 0 முதல் 0.8 டிகிரி வரை குளிர்வித்து, பசுங்குடில் வாயுக்களின் சூட்டில் ஒரு பகுதியை மறைத்து வைத்திருக்கின்றன. மறைத்திருப்பதுதான், தீர்த்திருப்பது அல்ல. அந்த மறைப்புக்கு நாம் கொடுக்கும் விலை மூச்சு. கரியைக் குறைத்தால் இந்தக் குழப்பமே இல்லை: மூச்சுக்கும் நல்லது, சூடும் குறையும்.

புகை மழையைக் கெடுக்குமா?

மேகத்துளி வெறுங்காற்றில் உண்டாகாது. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். ஆகவே துகளே இல்லாவிட்டாலும் மழை இல்லை. மிகுந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

ஒரு படி மாவை நூறு இட்லியாகவும் ஊற்றலாம், ஆயிரம் பணியாரமாகவும் ஊற்றலாம். மேகத்திலுள்ள நீரும் அப்படித்தான். தூய கடற்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு துளி என்றால், புகைக்காற்றில் ஐந்நூறு, ஆயிரம். நீர் அதே அளவு, துளி சிறுத்துவிடும். ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர வேண்டும். துளியின் ஆரம் சுமார் 14 மைக்ரானைத் தொட்டால்தான் மோதல் சூடுபிடிக்கும். சிறுத்த துளிகள் காற்றோட்டத்தோடு ஒதுங்கிப் போய்விடும், மோதாது. மேகம் வெளுத்து, பளபளத்து, பொழியாமல் நகரும். 1970-களில் மேக ஆய்வாளர் ஷான் டூமி விளக்கியது இந்த வெளுப்பை. தூறல் குறைந்து மேகம் நீடிப்பதை 1989-இல் ஆல்பிரெக்ட் என்ற இன்னொரு ஆய்வாளர் சேர்த்தார்.

ஆனால் இது உயரம் குறைந்த மேகத்துக்கு. சித்திரையில் இடியோடு எழும் உயர்ந்த மேகத்தில், கீழே பொழியாமல் தப்பிய நீர் மேலே போய் உறைந்து வெப்பத்தை வெளியிட்டு, மேகத்துக்கு இன்னும் வேகம் கொடுக்கலாம். தாமதித்து, கனத்துப் பெய்யலாம். பெரிய கடலுப்புத் துகள் இதற்கு எதிராக வேலை செய்யும்: அது தொடக்கத்திலேயே பெரிய துளியை உண்டாக்கி மழையைச் சீக்கிரம் இறக்கிவிடும். ஐப்பசி மழை வங்கக்கடல் காற்றோடு வருவதால் அந்த உப்பு நமக்கு உதவி.

பெரிய அளவில் தெளிவாகத் தெரிவது தென்மேற்குப் பருவமழை பற்றி. வட இந்தியாவின் மேலுள்ள துகள்மூட்டம் நிலத்தைக் குளிர்வித்து, நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டைக் குறைத்தது. கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் அந்தப் பருவமழை தளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். மதுரை தன் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவத்தில் பெறுகிறது. அந்தக் கணக்கை அப்படியே இங்கே போர்த்தி, "புகையால்தான் வைகை காய்ந்தது" என்று சொல்வது சரியல்ல. வைகை நீர் பெரிதும் வருசநாட்டு மழையையும் பெரியாற்று அணையிலிருந்து திருப்பிவிடும் நீரையும் நம்பியது.

தூத்துக்குடி அனல் மின் நிலையப் புகை இங்கு வருமா?

தூத்துக்குடி நமக்கு நேர் தெற்கே, வான்வழியில் சுமார் 130 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர்க் காற்றில் ஒன்பது மணி நேரம். ஆனால் மார்கழியில் காற்று அதைத் தென்மேற்கே தள்ளும், ஆடியில் மன்னார் வளைகுடாவுக்குத் தள்ளும். தெற்கு, தென்கிழக்குக் காற்று வீசும் சித்திரை, வைகாசி நாள்களில் மட்டும் இங்கு எட்டும். வழியில் கந்தக டை ஆக்சைடு மணிக்குச் சில விழுக்காடு வீதம் சல்பேட்டாக மாறும். அதாவது இங்கு வருவது புகை நெடியாக வராது, வெளுத்த வானமாக வரும்.

போகி, தீபாவளி?

ஓரிரவு, ஒரு காலை. தட்பவெப்பத்துக்கு அது ஒன்றுமில்லை; மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு எல்லாமே அதுதான். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காமல் இருந்தாலே பாதிக் கேடு போய்விடும்.

காற்றுத்துகளை எப்படி அளக்கிறார்கள்?

முறை பழையது, நம்பகமானது. பி.எம். 10 கருவி நிமிடத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்றை ஒரு கண்ணாடியிழை வடிதாள் வழியே 24 மணி நேரம் இழுக்கும்: மொத்தம் 1,584 கன மீட்டர். தாளின் எடை 0.1188 கிராம் கூடியிருந்தால், 1,18,800 மைக்ரோகிராமை 1,584-ஆல் வகுத்து, கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராம்.

பிழை நுழையும் இடங்கள் இவை. வடிதாளை எடை போடுவதற்கு முன்பும் பின்பும் ஒரே ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைக்காவிட்டால், தாள் குடித்த நீரும் தூசிக் கணக்கில் சேரும். கரண்ட் போன நேரத்தைக் கழிக்காவிட்டால் அளவு குறைந்து காட்டும். எடுத்த தாளில் அழுக்குக்கும் வெள்ளை விளிம்புக்கும் இடையிலான கோடு கூர்மையாக இருக்க வேண்டும்; கலங்கியிருந்தால் தாளைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கேஸ்கெட் கசிகிறது, அந்த நாள் அளவைத் தூக்கிப் போடுங்கள். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் கருவியே கரித்தூள் விடும். அதன் வெளிக்காற்றை இழுவாயிலிருந்து தள்ளி விட வேண்டும்.

இந்திய வரம்பு 2009 முதல், கன மீட்டருக்கு மைக்ரோகிராமில்: 24 மணி நேரச் சராசரி பி.எம். 10-க்கு 100, பி.எம். 2.5-க்கு (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்) 60, ஆண்டுச் சராசரி முறையே 60, 40. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 அளவு இதைவிடக் கடுமை: பி.எம். 2.5 ஆண்டுக்கு 5. கையால் அளக்கும் தேசியத் திட்டத்தில் ஓர் இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள்தான் அளவு. போகி அந்த நாளில் விழாவிட்டால் பதிவே ஆகாது. அதனால் ஆண்டுச் சராசரி சரியாக இருந்தது என்பதை, எல்லா நாளும் சரியாக இருந்தது என்று படிக்காதீர்கள்.

வீட்டு மாடியில் சின்ன லேசர் கருவி வைத்தால் நம்பலாமா?

ஏற்ற இறக்கத்துக்கு நம்பலாம், எண்ணுக்கு அப்படியே நம்பக் கூடாது. வைக்கும் முறை: தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல், வடக்குச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே. சமையலறைப் புகைபோக்கி, ஏசி வெளிப்பெட்டி, மாவு மில் எதிலிருந்தும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி. இழுவாய் கீழ்நோக்கி இருக்கட்டும். எறும்பும் பல்லியும் புகாமல் வலை கட்டுங்கள்; மாதம் ஒருமுறை அந்த வலையைத் துடைக்காவிட்டால் அதுவே வடிகட்டியாகி அளவைக் குறைத்துவிடும். ஈரப்பதமானி ஒன்றும் கூடவே வேண்டும்.

ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பதிவுகளை ஒதுக்குங்கள். நீர் குடித்துப் பருத்த துகளை இந்தக் கருவி அதிகத் தூசி என்றே படிக்கும். மார்கழி விடியலில் இது இரட்டிப்பாகக்கூடக் காட்டும். ஆடியில் நேர் எதிர்: பெருந்துகளை இதற்குச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. திரையில் தெரியும் பி.எம். 10 பெரும்பாலும் நுண்துகளை வைத்துப் பெருக்கிய எண். கிரஷர் பக்கத்தில் இதை வைத்து "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது காட்டினால் ஏற்காதீர்கள். முறையான கருவிக்குப் பக்கத்தில் தையில் இரண்டு வாரம், ஆடியில் இரண்டு வாரம் வைத்து ஒப்பிட்டு, இரண்டு பருவத்துக்கும் தனித்தனித் திருத்தம் போடுவதே சரியான வழி.

கருவியே இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். மாடியிலிருந்து தெரியும் குன்றுகளின் தூரத்தை வரைபடத்தில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்: திருப்பரங்குன்றம், நாகமலை, யானைமலை, அழகர்மலை. தினமும் காலை எட்டுக்கும் மதியம் இரண்டுக்கும் எது வரை விளிம்பு தெரிகிறது என்று எழுதுங்கள். 3.9-ஐத் தெரிகிற கடைசித் தூரத்தால் வகுத்தால், ஒரு கிலோமீட்டரில் ஒளி எவ்வளவு மறிக்கப்படுகிறது என்ற எண் வரும். 10 கிலோமீட்டருக்கு 0.39. ஒரு வருடம் எழுதினால் மேலே சொன்ன பருவக் கணக்கு முழுவதும் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

இன்னொன்று, வெள்ளைத் தட்டில் வாசலின் தடவி 24 மணி நேரம் வெளியே வைப்பது. விரலால் தேய்த்து நெறுநெறுத்தால் மண், வழுவழுவென்று கறுப்பாக ஒட்டினால் கரி. எடை சொல்லாது, வகை சொல்லும்.

சோலார் தகட்டில் படியும் தூசியால் எவ்வளவு நட்டம்?

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வரிசையை மட்டும் கழுவி, மறுநாள் நண்பகலில் கழுவாத வரிசையோடு ஒப்பிடுங்கள். அதுதான் உங்கள் எண். மதுரை அட்சரேகைக்குச் சுமார் 10 பாகைச் சாய்வுதான் வைக்கிறோம், அதனால் தூசி கீழ் விளிம்பில் தேங்கும். விடியற்காலையில், தகடு சூடாகும் முன் கழுவுங்கள். போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைக் கறை நிற்கும், அது தூசியைவிடக் கெட்டது. மழைநீர் அல்லது மென்னீர் நல்லது. கமுதியில் உள்ள 648 மெகாவாட் நிலையத்தில் இந்த வேலைக்கு ரோபோக்களே ஓடுகின்றன.

எதை முதலில் குறைக்க வேண்டும்?

கரியை. சூளையில் விறகை இரண்டு மூன்று மாதம் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பதே செலவில்லாத முதல் படி. கரும்புகை உடனே மெலியும். பெரிய சூளைகளுக்கு, செங்கல் அடுக்கை வளைந்து வளைந்து காற்றுப் போகும்படி அமைக்கும் ஜிக்ஜாக் முறை. 2022 பிப்ரவரி மத்திய அரசு அறிவிக்கை அதைக் கேட்கிறது. புகைபோக்கியில் துகள் வரம்பு கன மீட்டருக்கு 250 மில்லிகிராம். அடுக்கு பிசகிக் காற்று குறுக்குவழி கண்டுவிட்டால் பலன் போய்விடும், அதனால் அடுக்குபவருக்குப் பயிற்சி தராமல் புகைபோக்கியை மட்டும் மாற்றுவது வீண்.

கிரஷருக்கு வருவோம். எந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் தூசி கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தண்ணீர் அடித்தும் தூசி அடங்கவில்லை என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் துளி பெரிதாக இருக்கும். பெரிய துளியைச் சுற்றிக் காற்று வளைந்து போகும், நுண்தூசியும் அதோடு தப்பிவிடும். துளி தூசியின் அளவை நெருங்கினால்தான் மோதிப் பிடிக்கும். அதற்குச் சன்னமான நாசில் வேண்டும். சன்னமான நாசில் நம் உப்புத் தண்ணீரில் பத்து நாளில் அடைத்துக்கொள்ளும். பம்புக்கு முன்னால் வடிகட்டி, வாரம் ஒருமுறை நாசில்களைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைப்பது, கல் விழும் தாடை வாய், பெல்ட் மாறும் இடம், சல்லடை ஆகிய மூன்று இடங்களிலும் நாசில் இருப்பது, சல்லடைக்கு மூடாக்கு, லாரிக்குத் தார்ப்பாய். கிரஷரைப் பார்வையிடப் போகும்போது முதலில் நாசில்களை எண்ணுங்கள், பிறகு அவற்றில் எத்தனை பீய்ச்சுகின்றன என்று எண்ணுங்கள்.